தாம்பரத்து அலமாரியில் கொல்லிமலை

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். துவரம் பருப்பு, கடுகு, மிளகு இவற்றுக்கெல்லாம் பின்னால் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் ஜவ்வரிசி. பண்டிகை வந்தால் பாயசத்துக்கும், சித்திரை வெயில் வந்தால் வடாத்துக்கும் அதைத் தேடுவீர்கள். மற்றொன்றில் சாமை அரிசி. டாக்டர் சொன்னார் என்றோ, எதிர் வீட்டு மாமி சொன்னாள் என்றோ, சர்க்கரை வியாதிக்கு நல்லதாமே என்றோ வாங்கி வைத்தது. இரண்டு நாள் உப்புமா செய்துவிட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குத் தள்ளியிருப்பீர்கள்!

இந்த இரண்டு டப்பாக்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பரம சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன அல்லவா? ஆனால் இவை இரண்டுக்கும் ஒரு மலையின் மேல் பல வருஷங்களாகப் பெரிய வழக்கு நடக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? மலைக்காரர்களின் கொல்லையில் குடியிருக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில், உங்களுக்குத் தெரியாமலே, நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் ஒரு நடை போய் அந்த மலையைப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

ஏரி இருக்கிறது, வயல் எங்கே?

புறப்படுவதற்கு முன்னால் நம் ஊரையே ஒரு சுற்றுப் பார்த்துக் கொள்ளலாம். 1931-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1937-ல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது. அந்த நாளில் இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும் பனைமரமுந்தான்.

சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி என்று இன்றும் வாய் நிறையச் சொல்லுகிறோம். இவையெல்லாம் மாலையில் காற்று வாங்குவதற்காக யாரோ கட்டி வைத்தவை அல்ல. கீழே இருந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக ஏற்பட்டவை. இன்றைக்கு ஏரி இருக்கிறது, கரையும் இருக்கிறது, தண்ணீர் பாய வேண்டிய வயலில் மட்டும் அடுக்குமாடி வீடு இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து 2021-ல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். மாநகராட்சியில் நெல் விளையுமா? வீட்டு வரி ரசீதுதான் விளையும்!

இதில் வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாமும் குடியிருக்க வேண்டுமே! ஆனால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நாம் சாப்பிடுவதையெல்லாம் எங்கேயோ ஒரு மூலையில், ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்துக் கொண்டிருக்கும் யாரோ ஒருவர் நமக்காக விளைவித்துக் கொண்டிருக்கிறார். அவரும் நிலத்தை விட்டு எழுந்து விட்டால் நாம் ரசீதைத்தான் சமைக்க வேண்டும்.

தரமணியில் ஒரு வாசல்

வேளச்சேரியைத் தாண்டித் தரமணிக்குப் போனால், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த டாக்டர் சுவாமிநாதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் நம் தேசம் கோதுமைக்காக அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்துக் கொண்டிருந்த காலத்தில், குட்டைக் கோதுமை ரகங்களைக் கொண்டு விளைச்சலைப் பெருக்கிய பசுமைப் புரட்சியின் முதல்வர்களில் அவர் ஒருவர். உலக உணவுப் பரிசை ஏற்படுத்தியபோது, 1987-ல், முதல் பரிசே அவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1988-ல் அவர் தொடங்கியதுதான் இந்த நிறுவனம். 2023 செப்டம்பர் 28-ந் தேதி, தமது 98-ஆவது வயதில், அவர் சென்னையில் காலமானார். மறு வருஷம் பாரத ரத்னா விருது அளித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கோதுமையையும் நெல்லையும் தேசமெங்கும் பெருக்கிய மனிதரின் நிறுவனம், அந்தப் பெருக்கத்தில் அடிபட்டு ஒதுங்கிப் போன சாமையையும் தினையையும் தேடிக்கொண்டு, 1990-களில் நாமக்கல் ஜில்லாவிலிருக்கும் கொல்லிமலைக்குப் போயிற்று! வீட்டில் புது மருமகள் வந்த சந்தடியில் மூலையில் உட்கார்ந்துவிட்ட பாட்டியை, அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த பெரியவரே தேடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்த மாதிரி.

அவர்கள் போன மலைக்குத்தான் இப்போது நாமும் போகிறோம்.

எழுபது கொண்டை ஊசிகள்

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தப் பிரயாணம் சுலபம். எழும்பூரிலிருந்து புறப்படும் சேலம் ரயிலைத் தாம்பரத்திலேயே பிடித்து, இரவெல்லாம் தூங்கிக்கொண்டு, விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய்ச் சேரலாம். பஸ்தான் சௌகரியம் என்பவர்களுக்கு, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வண்டலூருக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தால் அடிவாரம் வந்துவிடும். அதன் பிறகுதான் இருக்கிறது விஷயம்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறுவதற்குள் எழுபது வளைவுகள். சரியாக எழுபது! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். இவற்றுக்குக் கொண்டை ஊசி வளைவு என்று பெயர். நாம் ஒரு கொண்டைக்கு நாலைந்து ஊசி செருகிக் கொள்வோம். எழுபது ஊசி செருகிய கொண்டை என்றால் அது எவ்வளவு பெரிய கொண்டையாக இருக்க வேண்டும்! முதல் பத்து வளைவு வரையில் பஸ்ஸில் கலகலப்பாகப் பேச்சு நடக்கும். முப்பதாவது வளைவில் பேச்சு நின்றுவிடும். ஐம்பதாவது வளைவில் சிலர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்வார்கள். எழுபதாவது வளைவு தாண்டியதும், ஜன்னல் வழியாகச் சிலுசிலுவென்று ஒரு காற்று வந்து முகத்தில் அடிக்கும் பாருங்கள், பட்ட சிரமமெல்லாம் அதில் பறந்து போய்விடும்.

மேலே வந்துவிட்டோம். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். கொல்லிமலை என்றால் உச்சியில் ஒரே கூர்மையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மேலே பரந்து கிடக்கிறது; பள்ளமும் மேடுமாக அதற்குள்ளேயே ஒரு தனி ராஜ்யம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று ஊர்களுக்கெல்லாம் நாடு என்றே பெயர். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா இது? ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசாங்கமே இங்கே விழா எடுக்கிறது.

இந்த மலையில் வசிக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தைச் சேர்ந்தவர்களோ என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் சொல்லிவரும் கர்ண பரம்பரைக் கதையைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாம்! அண்ணன் தம்பிகள் மூன்று பேர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு வந்து சேர்வராயன் மலை, பச்சை மலை, கொல்லி மலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். தாம்பரமும் 2019 வரையில் காஞ்சிபுரம் ஜில்லாவில்தானே இருந்தது? அந்தக் கணக்குப்படி பார்த்தால் மலைமேல் இருப்பவர்கள் நமக்குப் பழைய அக்கம்பக்கத்துக்காரர்கள்!

பெயர் சொல்லி அழைத்த தானியங்கள்

மலையில் மூன்று தினுசான நிலம் உண்டு. பள்ளத்தில் தண்ணீர் தங்குமிடத்தில் படிப்படியாக வயல் கட்டி நெல் நடுகிறார்கள். வீட்டைச் சுற்றியும் தோட்டத்திலும் காப்பி, வாழை, அன்னாசி, பலா. உயரமான சவுக்கு மரங்களைப் போல வளரும் சில்வர் ஓக் மரத்தின்மேல் மிளகுக் கொடியை ஏற்றி விடுகிறார்கள். மூன்றாவதாக, மழையை மட்டும் நம்பிச் சரிவில் கிடக்கும் மேட்டுக் கொல்லை. இந்தக் கொல்லைதான் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் விளைந்த இடம். வழக்கு நடப்பதும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

நமக்குச் சாமை என்றால் ஒரே சாமை. மளிகைக் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கொள்ளுவோம். மலைக்காரப் பெண்களுக்கு அப்படியில்லை. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பது போல் அழைப்பார்கள். தினையிலும் செந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை, பெருந்தினை என்று உண்டு. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு என்று உண்டு. இத்தனை எதற்கு என்று கேட்கலாம். ஒன்று சீக்கிரம் விளைந்து பசிக்கு உதவும். ஒன்று தாமதமாக விளைந்தாலும் நிறையக் கொடுக்கும். ஒன்று கூழுக்கு ஏற்றது. ஒன்று சோற்றுக்கு ஏற்றது. மழை ஒன்றைக் கைவிட்டாலும் மற்றொன்று நிற்கும். பாங்கியும் இன்ஷூரன்ஸும் இல்லாத காலத்தில் அந்தக் குடும்பங்கள் செய்துகொண்ட இன்ஷூரன்ஸ் அது.

அறுத்ததில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்குவது யார் என்கிறீர்கள்? பெண்கள்தாம். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் மெழுகிய தொம்பையில் கொட்டி வைத்துவிட்டால் தானியம் வருஷக் கணக்கில் கெடாது. கோபுரக் கலசத்துக்குள் வரகை நிரப்புகிற வழக்கம் உங்களுக்குத் தெரியுமே? அந்த நம்பிக்கைதான் இங்கே தொம்பையாக நின்றது.

உலக்கை தோற்ற இடம்

இவ்வளவு அருமையான தானியத்தை ஏன் விட்டார்கள்? "நாகரிகம் வந்தது, பழையதை மறந்தார்கள்" என்று ஒரு பெருமூச்சுடன் சொல்லிவிடலாம். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லுவது வெகு சுலபம். சாமை குத்திப் பார்த்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேழ்வரகைக் கதிரடித்தால் உமி போய்விடும். நேரே மாவாக்கிக் கொள்ளலாம். சாமையும் தினையும் வரகும் அப்படியில்லை. ஒவ்வொரு மணியும் கெட்டியான உமிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். நெல்லைவிடப் பல மடங்கு சின்ன மணி. அதை உரலில் கொட்டி, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, மணியளவே இருக்கும் கல்லைக் கண்ணைச் சுருக்கிப் பொறுக்கி, அதன் பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொல்லையில் களை பிடுங்கிவிட்டு, விறகு சுமந்து, தண்ணீர் எடுத்து வந்த பிறகுதான் இத்தனையும்! நமக்கு மிக்ஸி ஒரு நாள் ரிப்பேர் ஆனால் வீடு இரண்டுபடுகிறது. தினந்தோறும் வீட்டுக்கு ஓர் உலக்கை என்றால் தோள் என்னத்துக்கு ஆகும்?

அந்த நேரத்தில் மலைமேல் ரேஷன் அரிசி ஏறி வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 ஜூன் முதல் அதுவும் இல்லை, இலவசம். குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். களைந்து உலையில் போட்டால் வெள்ளை வெளேரென்று சோறு. எந்தத் தாய்தான் வேண்டாமென்பாள்? பசியை ஓட்டிய அந்த அரிசியைக் குறை சொல்லுவது பாவம். ஆனால் உலக்கை ஓய்ந்தபோது, சாமைக்கு வீட்டில் இருந்த இடமும் போய்விட்டது.

வீட்டில் இடம் போனதும் கொல்லையில் இடம் போவதற்கு எவ்வளவு நேரம்? அங்கேதான் நம்முடைய ஜவ்வரிசி நுழைகிறது.

ஜாவாவிலிருந்து வந்த வாதி

பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். ஒரு காலத்தில் கப்பலில் வந்த சாமான். இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து கப்பல் நின்று போகவே, 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். கிழங்கைக் கழுவித் தோல் சீவி, அரைத்துப் பால் எடுத்து, மாவைத் தெளிய வைத்து, குலுக்கிக் குலுக்கி முத்து முத்தாக உருட்டி, வறுத்துக் காய வைத்தால் உங்கள் பாயசத்து ஜவ்வரிசி. தொழில் வளர்ந்து, 1981-ல் சேகோ சர்வ் என்ற கூட்டுறவு சங்கம் சேலத்தில் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. ரோடும் லாரியும் மேலே வந்தன. மரவள்ளிக் குச்சியை நட்டுவிட்டால் சுமார் பத்து மாதத்தில் கிழங்கு. குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் ரொக்கம். அந்த ரொக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிப்பு நடந்தது. கூரை வீடு ஓட்டு வீடு ஆயிற்று. சரிவெல்லாம் மரவள்ளி பரவியதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் ரொக்கத்தோடு கவலையும் ஏறி வந்தது. கிழங்கிலிருக்கும் மாவுச் சத்தைப் பாயிண்டு கணக்கில் அளந்து விலை போடுவார்கள். விலையை விளைவித்தவர் சொல்லுவதில்லை, வாங்குகிறவர் சொல்லுவார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுப் போகும். தொம்பையில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியாது. விலை இறங்கிய வருஷத்தில் பச்சைக் கிழங்கையே தின்று காலம் தள்ள முடியுமா? சரிவில் வருஷா வருஷம் மண்ணைக் கிளறிப் பிடுங்குவதால் மேல் மண் மழையில் கரைந்து போகிறது. உரச் செலவு கூடுகிறது. போதாக்குறைக்கு, 2020-ல் கேரளத்தில் தலைகாட்டிய ஒரு புது மாவுப் பூச்சி, சீக்கிரத்திலேயே நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளியையும் பிடித்துக் கொண்டது. ஒரே பயிரை நம்பினவர்களின் பாடு திண்டாட்டமாயிற்று.

இயந்திரம் செய்த உபகாரம்

தரமணிக்காரர்கள் மலைக்குப் போனபோது, விதையைச் சேகரித்து ஐஸ் பெட்டியில் பூட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பயிரை யார் ஏன் விட்டார்கள் என்று வீடுகளில் விசாரித்தார்கள். அதுதான் நல்ல காரியம். விடை உரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே, கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரமும் மாவரைக்கும் இயந்திரமும் கொண்டு வந்து வைத்தார்கள். அவற்றை நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்களிடம் விட்டார்கள். குழுக்களில் பெரும்பாலும் பெண்கள். மறைந்து கொண்டிருந்த விதைகளுக்குக் கிராமத்திலேயே விதை வங்கி ஏற்பட்டது. விதைக்கும்போது வாங்கிப் போனவர், அறுத்த பிறகு கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரி இறைத்து விதைத்த சாமையை வரிசையில் விதைக்கவும், மரவள்ளிக்கு நடுவே ஊடுபயிராகப் போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். ரோமிலிருக்கும் சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியின் உதவியுடன் 2001-ல் தொடங்கிய ஒரு திட்டம் இந்த வேலைக்குக் கை கொடுத்தது.

உலக்கை வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டதும் சாமை மறுபடி அடுப்புக்கு வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, மரவள்ளி ஓடிவிட்டது என்றெல்லாம் நான் கதை அளக்கப் போவதில்லை. மரவள்ளி இன்றைக்கும் மலையில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பணப் பயிர் இல்லாமல் குடும்பம் எப்படி ஓடும்? ஆனால் வீட்டுக்கொரு துண்டு நிலத்தில் சாமையோ கேழ்வரகோ நின்றால், கிழங்கு விலை சரிந்த வருஷத்திலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. பணத்துக்குக் கிழங்கு, வயிற்றுக்குத் தானியம் என்று இரண்டும் நிற்கிற கொல்லைதான் நிம்மதியான கொல்லை.

நம் கையிலிருக்கும் தீர்ப்பு

இப்போது நம் பங்குக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் பாக்கெட்டுகள் பளபளவென்று நிறைந்தன. சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய சேமியா, சிறுதானிய நூடுல்ஸ்! மலைக்காரருக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றுதானே நினைப்போம்?

முழுவதும் அப்படியில்லை. சாமையின் விலை ஏறுவது உமி கழன்ற பிறகுதான். நூறு கிலோ சாமையைக் குத்தினால் அறுபது, எழுபது கிலோ அரிசி தேறும். தமிழ்நாட்டு மலைகளில் விளைந்த சாமை, உமி கழற்றிக் கொள்வதற்காக மராட்டிய நாட்டு நாசிக் வரையில் யாத்திரை போய் வந்ததும் உண்டு. காசிக்குப் போனாலாவது புண்ணியம். நாசிக்குப் போனதில் விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது? லாரிக்காரர், ஆலைக்காரர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று கை மாறி மாறி வந்து, மலையில் வாங்கிய விலைக்கும் தாம்பரத்தில் விற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது. மலையிலேயே உமி நீக்கி, கல் நீக்கி, பாக்கெட் போட்டால்தான் அந்தக் காசில் ஒரு பகுதி மலையில் தங்கும்.

ஆகையால், வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, பாக்கெட்டின் பின்புறம். எங்கே விளைந்தது, யார் குத்தினது என்று போட்டிருக்கிறதா? உழவர் உற்பத்தியாளர் கம்பெனி, பெண்கள் குழு, பழங்குடியினர் கூட்டுறவு இப்படி ஏதாவது பெயர் இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். இரண்டாவது, நிறம். முத்தைப் போல் வெள்ளையாக இருக்கும் சாமையைக் கண்டு மயங்க வேண்டாம். தவிடு முழுவதையும் தீட்டி எடுத்துவிட்டால், நார்ச்சத்தும் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசாகப் பழுப்பு ஏறியிருப்பதே நல்ல சாமை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சாமை என்பதால் மூன்று தட்டு சாப்பிடலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை!

வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறாரே என்கிறீர்களா? உப்புமாவில் தொடங்கியதுதான் கோளாறு. நன்றாக ஊற வைத்து, உதிரியாக வடித்து, தயிரும் பாலும் கலந்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துத் தயிர்ச் சாதமாகப் போடுங்கள். சாமை என்று சொல்லாதீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.

மலையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரரைத் தரிசனம் செய்யுங்கள். முழங்காலில் தெம்பு இருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் குளியுங்கள். இறங்கிய படியெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் இறங்கினால் மிளகு, பலாப்பழம், அன்னாசி, மலைவாழை எல்லாம் கண்ணைப் பறிக்கும். எங்கேயாவது ஒரு மூலையில் ஓர் அம்மாள் முன்னால் சாமையோ கேழ்வரகோ சின்னக் குவியலாக இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

பேரம் பேசுவது நம்முடைய பிறப்புரிமை; தாம்பரம் மார்க்கெட்டிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் அதைக் கொஞ்சமும் விட்டுக் கொடுக்க வேண்டாம். அந்த அம்மாளிடம் மட்டும், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அது என்ன சாமை என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.